தரைப்பலகைத் துளைப்பொறி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மரத்தளம் அமைக்கும் இடத்தில் பலகைகளைத் துளையிடப் பயன்படும் பொறி பார்வைக்கு எளிமையானது. டிரில் இயந்திரம் ஒன்று, இரண்டு எஃகுத் தூண்களின்மீது ஏறியிறங்கும் வண்டியில் பூட்டப்பட்டிருக்கும்; தூண்களின் கீழ்முனைகள் ஓர் அடித்தட்டில் ஊன்றப்பட்டிருக்கும்; கைநெம்புகோலை அழுத்தினால் வண்டி இறங்கும், விட்டால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கும்; எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் தூணில் இறுக்கிய ஒரு தடைவளையம் தீர்மானிக்கும். திருகாணித் தலையை மறைக்கும் மரத்தக்கைக்கான 10 மி.மீ. குழியிலிருந்து, குழாய் ஏறிவரும் 35 மி.மீ. துளை வரை எல்லாவற்றையும் இதே பொறியால் செய்துவிடலாம்.

வேலை கெட்டவுடன் மோட்டாரைச் சந்தேகிப்பதே பலருடைய வழக்கம். என் அனுபவத்தில் மோட்டார் குற்றவாளியாக இருந்தது அரிது. பெரும்பாலும் துளையிடும் அலகான பிட்டின் முனையிலோ, அடித்தட்டுக்கும் பலகைக்கும் நடுவிலோதான் பிழை ஒளிந்திருக்கும். ஆகவே முதலில் துளையைப் பாருங்கள், பிறகு துளையிலிருந்து வெளிவந்ததைப் பாருங்கள். மெல்லிய சுருள்களாகச் சீவல் வந்தால் பிட் மரத்தை வெட்டுகிறது என்று பொருள். மாவுபோல் நுண்தூள் வந்தால் வெட்டாமல் தேய்க்கிறது. தூள் பழுப்பேறி விரலுக்குச் சூடாக இருந்தால் தேய்ப்பது நின்று எரிப்பது தொடங்கிவிட்டது. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தாலே கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

பிட்டையோ அதைக் கவ்விப்பிடிக்கும் சக்கையோ தொடுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். மின்கலத்தில் ஓடும் பொறியானால் கலத்தைக் கழற்றி வையுங்கள். ஏற்கெனவே பதித்த தளத்தில் துளையிடுவதாயிருந்தால், அடியில் மின்கம்பியோ நீர்க்குழாயோ தளச்சூடேற்றிக் குழாயோ ஓடுகிறதா என்பதை ஒரு பலகையைக் கழற்றியாவது பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் தொடங்கிய வேலையில் எந்தப் பிழைநீக்கமும் உதவாது.

புகை வருகிறது, துளையின் விளிம்பு கருகுகிறது

அடிக்கடி வரும் தொல்லை இதுதான். காரணங்கள் மூன்று: பிட் மழுங்கியிருக்கலாம், வேகம் மிகுந்திருக்கலாம், சீவல் வெளியேறாமல் துளைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். மூன்றும் சேர்ந்தே வருவதும் உண்டு, ஏனென்றால் மழுங்கிய பிட்டை இறக்க நாம் வேகத்தைக் கூட்டுகிறோம், கூடிய வேகம் பிட்டின் முனையை மேலும் சூடாக்கி அதன் கூர்மையை இன்னும் கெடுக்கிறது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 10 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 47 மீட்டர் தூரம் மரத்தில் உரசிச் செல்கிறது. அதே 1500 சுற்றில், தட்டையான அடியுள்ள அகன்ற துளை வெட்டும் 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டைப் போட்டால் அந்தத் தூரம் 165 மீட்டராகிவிடும். மோட்டாரின் வேகம் மாறவில்லை, கையின் அழுத்தமும் மாறவில்லை. ஆனாலும் விளிம்பு மூன்றரை மடங்கு விரைவாக ஓடுகிறது, கருகுகிறது. அதே 35 மி.மீ. பிட்டை 500 சுற்றுக்கு இறக்கினால் 55 மீட்டர்தான் வரும். பிட்டின் அளவு பெரிதாகும்போதெல்லாம் சுற்றைக் குறைக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவே அடிப்படை. இரண்டு கியர் உள்ள இயந்திரத்தில் 20 மி.மீட்டருக்கு மேற்பட்ட பிட்டுக்கு எப்போதும் 1 என்று குறித்த மெதுவான கியரையே வையுங்கள். கியரை மாற்றுவது இயந்திரம் முற்றிலும் நின்ற பிறகுதான்.

வேகம் சரியாக இருந்தும் கருகினால் பிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெட்டு விளிம்பில் வெள்ளைக் கோடுபோல் ஒளி மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. நுனியில் திருகுள்ள ஆகர் பிட்டையும், நடுவில் ஊசிபோன்ற முனையுள்ள கூர்முனை பிட்டையும் சிறு அரத்தாலோ நுண்சாணைக்கல்லாலோ தீட்டலாம். அதில் ஓர் எச்சரிக்கை: துளையின் வட்டத்தை முன்கூட்டிக் கீறும் ஓரக்கீறிகளை உட்புறம் மட்டுமே தீட்ட வேண்டும். வெளிப்புறத்தைத் தேய்த்தால் பிட்டின் விட்டமே குறைந்துவிடும். பின்னால் வரும் தண்டு துளையில் இறுகி உரசும், கருகலைத் தீர்க்கப்போய்க் கூட்டினவராவோம். ஆகரின் கிடைமட்ட வெட்டு விளிம்பைத் தண்டை நோக்கிய மேற்பக்கத்திலிருந்து தீட்டுவதே முறை.

சீவல் அடைப்புக்கு மருந்து பொறுமைதான். 5 அல்லது 6 மி.மீ. இறங்கியதும் பிட்டைச் சுழலவிட்டபடியே மேலே தூக்கி, சீவலை உதறவிட்டு மீண்டும் இறக்குங்கள். ஃபோர்ஸ்ட்னர் பிட்டுக்கு இது கட்டாயம், ஏனென்றால் அதில் சீவலைத் தூக்கும் முறுக்குப்பள்ளம் கிடையாது. பிசின் நிறைந்த ஊசியிலை மரங்களில் பிட்டின் பக்கங்களில் பழுப்புப் பிசின் ஒட்டிக் காய்ந்துவிடும். அதை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுத்தால், மழுங்கிப்போனது என்று ஒதுக்கிய பிட்டே மீண்டும் வெட்டத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

கருகலையும் கறையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓக் போன்ற, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில், துளையிட்ட மறுநாள் விளிம்பைச் சுற்றி நீலங்கறுப்பாக ஒரு வளையம் தோன்றினால் அது நெருப்பின் வேலையன்று. இரும்புத்துகளும் ஈரமும் டானினும் சேர்ந்து உண்டாக்கிய கறை. கருகல் துளையிட்ட அந்த நொடியே தெரியும், மணக்கும். கறை காத்திருந்து வரும். பிட்டை அதே இடத்தில் அரம் போட்டுத் தீட்டியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவே. தீட்டும் வேலையைப் பலகைகளுக்கு அப்பால் வைத்துக்கொள்ளுங்கள்.

புகைந்த தூளைத் தூசி உறிஞ்சும் பைக்குள் இழுத்துவிடாதீர்கள். உள்ளே கனன்றுகொண்டிருந்து ஆள் போன பிறகு தீப்பிடிக்கக் கூடும்.

பிட் சுழல்கிறது, மரத்தில் இறங்கவில்லை

முதலில் சுழலும் திசையைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் செல்லும் திசையில் சுழல வேண்டும். திசைமாற்றும் பொத்தான் கைபட்டுத் தள்ளப்பட்டிருப்பது எல்லோருக்கும் நேர்வது, வெட்கப்பட ஒன்றுமில்லை. திசை சரியென்றால் நடுமுனையைப் பாருங்கள். ஆகரின் முனைத்திருகில் மரநார் அடைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பிடிப்பு இராது, குண்டூசியால் கிண்டியெடுத்துவிடலாம். முனைத்திருகு உடைந்தே போயிருந்தால் அந்த பிட்டைக் கையால் பயன்படுத்த இயலாது. இந்தப் பொறியிலோ அதுவே ஒரு நன்மையாக மாறும். காரணம் அடுத்த அறிகுறியில் வருகிறது.

அடித்தட்டு பலகையை விட்டு எழும்புகிறது, பிட் தன்போக்கில் பாய்கிறது

இந்தப் பிழை பொறியினுடையதன்று, பொருத்தத்தினுடையது. ஆகர் பிட்டின் நுனியில் உள்ள திருகு, மரத்தைக் கவ்விப் பிட்டைத் தானே உள்ளே இழுப்பதற்காக உண்டானது. கைத்துரப்பணத்தில் அது வரப்பிரசாதம், ஏனெனில் தோள் அழுத்தத்தை அது மிச்சப்படுத்துகிறது. ஆனால் தூண்களும் நெம்புகோலும் உள்ள பொறியில் இறக்கத்தை நடத்துவது யார் என்ற போட்டி எழுந்துவிடுகிறது. ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. இழுக்கும் திருகை நிமிடத்துக்கு 500 சுற்றில் ஓட்டினால் அது நிமிடத்துக்கு ஒரு மீட்டர் இறங்க முயலும், 20 மி.மீ. பலகையை ஒன்றே கால் விநாடிக்குள் கடந்துவிடும். அந்த வேகத்துக்கு உங்கள் கை நெம்புகோலை இறக்கவில்லையென்றால், பிட் கீழே போவதற்குப் பதிலாகப் பலகையை மேலே இழுக்கும். பலகை ஆணியடித்துப் பதித்ததாயிருந்தால் முழு இழுப்பும் வண்டியின்மீது விழும். பதிக்காத பலகையாயிருந்தால் பலகையே தூக்கிக்கொண்டு சுழலும். தடைவளையத்தையும் அது மதிக்காது: வளையம் முட்டிய பின்னும் திருகு இழுப்பதை நிறுத்தாது, அடித்தட்டு ஒரு பக்கம் எழும்பிவிடும், துளையும் சாய்ந்துபோகும்.

ஆகவே தூண்பொறியில் முனைத்திருகு உள்ள பிட்டைத் தவிர்ப்பதே சிறந்த தீர்வு. கூர்முனை பிட், ஃபோர்ஸ்ட்னர் பிட், திருகில்லாத தட்டை பிட் ஆகிய மூன்றும் பொருந்தும். கையிலிருப்பது ஆகர் மட்டுமேயென்றால், முனைத்திருகின் புரிகளை மெல்லிய முக்கோண அரத்தால் தேய்த்து மழுமழுப்பான கூம்பாக்கிவிடுங்கள்; அது நடுப்புள்ளியைப் பிடித்துக்கொள்ளும், இழுக்காது. நல்ல ஆகரை இப்படிச் செய்ய மனம் வராது என்பது எனக்குத் தெரியும், எனக்கும் வரவில்லை. திருகு முறிந்த பழைய ஆகர்களைத் தூக்கியெறியாமல் இதற்கென்றே வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

திருகில்லாத பிட்டிலும் அடித்தட்டு எழும்புகிறதென்றால், துளையின் அடியை எட்டும் வேளையில் நெம்புகோலை மிகுந்த அழுத்தத்தோடு இறக்குகிறீர்கள் என்று பொருள். கடைசி 3 மி.மீட்டரில் அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள்; மற்றொரு கையால், அல்லது மண்டியிட்டிருந்தால் முழங்காலால், அடித்தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிட் சட்டென்று சிக்கி, இயந்திரம் கையை முறுக்குகிறது

உடனே விசைப்பொத்தானை விடுங்கள். சிக்கிய பிட்டை வேகம் கூட்டி விடுவிக்க முயல்பவர்களின் மணிக்கட்டுதான் முதலில் சேதமாகிறது. மின்கல டிரில்களில் திருகு இறுக்கும் நிலையில் முறுக்கு மிஞ்சினால் நழுவிக்கொடுக்கும் கிளட்ச், துளையிடும் நிலையில் வேலைசெய்யாது என்பதைப் பலர் அறிவதில்லை. முறுக்கு விசை முழுவதும் பக்கக் கைப்பிடியில்தான் வந்து நிற்கும். பெரிய பிட்டுக்கு அந்தக் கைப்பிடி இல்லாமல் வேலை தொடங்கவே கூடாது.

சிக்கிய பிட்டை எதிர்த்திசையில் மிக மெதுவாக ஓட்டி மேலே எடுங்கள். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கண்ணில் படும்: சீவல் இறுகிப்போயிருக்கும், அல்லது பளபளவென்று ஓர் ஆணியின் வெட்டுமுகம் தெரியும். நாக்கும் காடியுமாக இணைத்த பலகைகளில் ஆணியை நாக்கின்மீது சாய்வாக அடித்து மறைத்துவிடுவதால், மேலிருந்து பார்த்தால் ஆணி இருப்பதே தெரியாது. பலகை தாங்குசட்டத்தைக் கடக்கும் இடங்களில், இணைப்புக்கோட்டை ஒட்டி அது இருக்கும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி அந்தக் கோட்டின்மேல் மெல்ல நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் திரும்பும். ஆணியில் பட்ட பிட்டைத் தீட்டாமல் மீண்டும் போடாதீர்கள். ஒரு முறை பட்டாலே ஓரக்கீறியின் நுனி போய்விடுகிறது.

துளையின் அடிப்பக்கத்தில் சிலாம்பு பெயர்கிறது

பிட் வெளியேறும் இடத்தில் மரநாரைத் தாங்கிப்பிடிக்க ஒன்றுமில்லாததால், வெட்டுப்படுமுன்பே நார் கிழிந்து பெயர்கிறது. பதிக்காத பலகையென்றால் அடியில் ஒரு வீண்பலகையை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள்; இரண்டுக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. முட்டுக்கொடுத்த வீண்பலகையில் ஏற்கெனவே பழைய துளை இருந்தால் அந்த இடத்தில் தாங்கல் இராது, ஒவ்வொரு துளைக்கும் புதிய இடத்தை நகர்த்திக் கொடுங்கள். மற்றொரு வழியும் உண்டு: நடுமுனை அடிப்பக்கம் எட்டிப்பார்த்தவுடன் நிறுத்தி, பலகையைத் திருப்பிப்போட்டு, அந்தச் சிறு புள்ளியிலேயே முனையை ஊன்றி மறுபக்கத்திலிருந்து முடித்துவிடலாம். தட்டை பிட்டுக்கு இதைவிடச் சுத்தமான முறை கிடையாது.

பதித்த தளத்தில் இரண்டுமே இயலாது. ஆனால் அங்கே அடிப்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

மேல்பக்க விளிம்பே கிழிந்தால் கதை வேறு. அங்கே குற்றம் ஓரக்கீறிகளின் மழுங்கலில் இருக்கும், அல்லது மெருகுப்பூச்சு பூசிய பலகையில் பிட்டைத் தடாலென்று இறக்கியதில் இருக்கும். முதல் அரை மி.மீட்டருக்கு பிட்டை எதிர்த்திசையில் சுழலவிட்டு மெல்ல அழுத்தினால் ஓரக்கீறி பூச்சையும் மேல்நாரையும் வட்டமாக அறுத்துவிடும். பிறகு நேர்த்திசைக்கு மாற்றி இறக்கினால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

துளை பிட்டின் அளவைவிடப் பெரிதாக, அல்லது நீள்வட்டமாக இருக்கிறது

மரத்தக்கை வேலையில் இது உடனே கண்ணை உறுத்தும். 10 மி.மீ. தக்கையை 10.3 மி.மீ. குழியில் ஒட்டினால் அதைச் சுற்றிப் பசையின் கருவளையம் ஒன்று காலத்துக்கும் தெரிந்துகொண்டே இருக்கும்.

பிழை எங்கே என்று பிரித்தறிய நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். பிட்டைக் கழற்றிவிட்டு, நேராக இருப்பதாக உறுதிசெய்துகொண்ட ஒரு வழவழப்பான எஃகுக் கம்பியைச் சக்கில் மாட்டுங்கள். கம்பியின் பக்கத்தில், அதைத் தொட்டும் தொடாமலும் ஓர் ஊசிமுனையை நிறுத்தி, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஊசிக்கும் கம்பிக்கும் இடையேயுள்ள இடைவெளி மாறாமல் இருந்தால் சக்கும் அச்சும் நலமாக உள்ளன, குற்றம் பிட்டினுடையது. பிட்டின் தண்டை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் நடுவில் வெளிச்சம் திறந்து திறந்து மூடும். இடைவெளி மாறினால் சக்கின் மூன்று தாடைகளுக்கும் நடுவே தூள் சிக்கியிருக்கலாம். தாடைகளை முழுவதும் திறந்து, கவிழ்த்துத் தட்டி, தூரிகையால் சுத்தம் செய்து மீண்டும் சோதியுங்கள். அதன் பின்னும் ஆட்டம் இருந்தால் சக்கை மாற்ற வேண்டும். இருதிசையிலும் சுழலும் இயந்திரங்களில் சக்கின் உள்ளே, தாடைகளைத் திறந்தால் அடியில் தெரியும் திருகாணி ஒன்று இருக்கும்; அது இடப்புரி உடையது, கடிகார முள்ளின் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திருகாணி என்று நினைத்து எதிர்த்திசையில் வலுக்காட்டித் தலையை உடைத்தவர்கள் பலர்.

கம்பி ஆடவில்லை, பிட்டும் நேராக இருக்கிறது, ஆனாலும் துளை பெரிதாகிறது என்றால் வண்டியை இருகைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தூண்களுக்கும், அவை நுழையும் வண்டியின் உள்வளையங்களான புஷ்களுக்கும் இடையில் தேய்மானம் இருந்தால் ‘டக்’கென்ற ஓசையோடு ஓர் அசைவு கையில் தெரியும். சில பொறிகளில் புஷ்ஷை இறுக்கும் திருகு உண்டு. இல்லாதவற்றில் புஷ்ஷை மாற்றுவது ஒன்றே வழி.

நீள்வட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. அதன் நீண்ட அச்சு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். வெவ்வேறு பலகைகளில் வெவ்வேறு திசையில் இருந்தால் அடித்தட்டு வேலையின்போது நகர்கிறது. எல்லாத் துளைகளிலும் நீண்ட அச்சு மர ரேகையின் போக்கிலேயே இருந்தால், குறிப்பாகத் துளையிட்டபோது வட்டமாக இருந்து சில வாரங்களில் இப்படி ஆகியிருந்தால், பொறியைக் குறைசொல்வதில் பயனில்லை. பலகை ஈரமாக இருக்கும்போது துளையிட்டிருக்கிறீர்கள். மரம் காயும்போது ரேகையின் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் சுருங்குகிறது, அதிலும் ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம் ஆரத்திசைச் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. துளையும் மரத்தோடு சேர்ந்தே சுருங்குகிறது, குறுக்கே மட்டும் ஒடுங்கிவிடுகிறது. பலகையைத் தளம் அமையும் அறையிலேயே அடுக்கி ஈரம் சமநிலைக்கு வந்தபின் துளையிடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

துளை செங்குத்தாக இல்லாமல் சாய்கிறது

அடித்தட்டைக் கவிழ்த்துத் துடையுங்கள். இது மிகச் சிறிய ஆலோசனையாகத் தோன்றலாம். ஒரு முறை வரிசையாக ஏழெட்டுத் துளைகள் ஒரே பக்கம் சாய்ந்துபோக, வண்டி, தூண், புஷ் எல்லாவற்றையும் கழற்றி மாட்டி அரைநாள் வீணாக்கிய பிறகுதான், அடித்தட்டின் ஒரு மூலையில் உளுந்தளவு காய்ந்த பசைத்துளி ஒட்டியிருந்ததைக் கண்டேன். 150 மி.மீ. அகலமுள்ள அடித்தட்டின் ஒரு விளிம்பில் 2 மி.மீ. உயரத்துக்கு ஏதாவது சிக்கினால், 20 மி.மீ. பலகையில் துளை கால் மி.மீட்டர் மட்டுமே விலகும், அதைக் கண் கண்டுகொள்ளாது. ஆனால் அதே துளை பலகையைத் தாண்டித் தாங்குசட்டத்திலும் 100 மி.மீ. இறங்கினால் விலகல் ஒன்றரை மி.மீட்டரைத் தாண்டிவிடும், குழாய் நுழையாது.

துடைத்த பின்னும் சாய்ந்தால், மூலைமட்டத்தை அடித்தட்டில் நிறுத்தி, சக்கில் மாட்டிய நேர்க்கம்பியோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் போதாது, தொண்ணூறு பாகை திருப்பி மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு திசையிலும் சரியென்றால் பலகையே குழிந்தோ முதுகு வளைந்தோ இருக்கும். அப்போது அடித்தட்டு பலகையின் மேடான இரு இடங்களில் மட்டும் அமர்ந்து ஊசலாடுவதை விரலால் தட்டினாலே உணரலாம்.

இவை எதுவுமில்லாமல், துளை தொடங்கிய இடமே குறித்த புள்ளியிலிருந்து நகர்ந்திருந்தால் மரத்தின் ரேகைதான் முனையைத் தள்ளியிருக்கிறது. ஊசியிலை மரங்களில் கடினமான கருவரியும் மென்மையான வெள்வரியும் மாறிமாறி ஓடும். கருவரியின் ஓரத்தில் வைத்த முனை வெள்வரிக்கு வழுக்கிவிடும். குத்தூசியால் ஆழமாக ஒரு குழி குத்தி, முனையை அதில் அமர்த்திய பிறகே விசையை அழுத்துங்கள்.

ஆழம் ஒன்றுபோல் அமையவில்லை

தடைவளையத்தின் திருகு தளர்ந்து, ஒவ்வொரு முட்டலிலும் வளையம் சிறிது சிறிதாகக் கீழிறங்குவதே பெரும்பாலான காரணம். வளையம் நிற்கும் இடத்தில் தூணில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் பத்துத் துளைக்குப் பிறகு உண்மை தெரிந்துவிடும். தூணில் எண்ணெய்ப் பசை இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இன்னொரு தவறு அளவெடுப்பதில் நேர்கிறது: கூர்முனை பிட்டின் நடுமுனை வெட்டு விளிம்பைவிட 2, 3 மி.மீ. நீண்டிருப்பதால், ஆழத்தை நுனியிலிருந்து அளந்தவருக்குக் குழி ஆழம் குறைந்து தக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளக்கும்போது நடுமுனை பலகையின் அடியைத் துளைத்துவிடாதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துளையை ஒட்டிப் பலகை பிளக்கிறது

பிளவு துளையிடும்போது வருவது குறைவு. திருகாணியை இறுக்கும்போதே வருகிறது. காரணம், திருகாணிக்காக முன்கூட்டி இடும் வழித்துளை சிறிதாக இருப்பது. 5 மி.மீ. திருகாணிக்கு மென்மரத்தில் 3 மி.மீட்டரும் வன்மரத்தில் 3.5 மி.மீட்டரும் போதும். பலகையின் முனைக்கு மிக அருகில் துளையிட்டிருந்தால் எந்த அளவும் காப்பாற்றாது. துளையிடும்போதே பிளந்தால் தட்டை பிட்டைக் கைவிட்டு ஃபோர்ஸ்ட்னருக்கு மாறுங்கள், தட்டை பிட்டின் ஆப்பு வடிவ நடுமுனை நாரைப் பிரிக்கும் இயல்புடையது.

சக்கில் பிட் நழுவுகிறது

சாவிச் சக்கானால் ஒரு துளையில் மட்டும் சாவியிட்டு இறுக்கிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள்; மூன்று துளைகளிலும் முறையே இறுக்கினால்தான் மூன்று தாடைகளும் சமமாகப் பிடிக்கும். நழுவி நழுவி பிட்டின் தண்டில் வளையக் கீறல்கள் விழுந்திருந்தால் அவற்றின் பிசிறை அரத்தால் நீக்கிவிட்டு மாட்டுங்கள். பெரிய அளவுகளுக்கு அறுகோணத் தண்டுள்ள பிட்டை வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

நெம்புகோலை விட்டும் வண்டி மேலே வரவில்லை

தூண்களில் பிசினும் நுண்தூளும் கலந்து பழுப்புப் படலமாகப் படிந்திருக்கும், நகத்தால் கீறினால் தெரியும். டர்பன்டைனால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் கட்டி மெழுகைத் தேயுங்கள். எண்ணெய் விடாதீர்கள்: எண்ணெய் தூளைக் கூட்டிப் பசையாக்கும், ஒரே வாரத்தில் முன்பைவிட மோசமாகிவிடும். துடைத்த பிறகும் வண்டி பாதியில் நின்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. நீளத்தைப் புதியதோடு ஒப்பிட்டால் தளர்ச்சி தெரியும்.

மோட்டார் திணறுகிறது, தீப்பொறி பறக்கிறது, அல்லது ஓடவே இல்லை

இதுவரை சொன்னவற்றையெல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கே இந்தப் பகுதி. முதலில் மின்நீட்டிப்பு வடத்தைப் பாருங்கள். நீளமான மெல்லிய வடத்தில் மின்னழுத்தம் குறைந்து மோட்டாருக்கு வலு போதாமல் போகும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் வடம் சூடேறவும் செய்யும், முழுவதையும் அவிழ்த்துவிட வேண்டும். வேறொரு செருகியில் நேரடியாக மாட்டி ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

வடம் சரியாக இருந்தும், காற்றுத்துளைகள் வழியே பார்க்கும்போது மோட்டாருக்குள் நீலநிறப் பொறிகள் வளையமாகச் சுற்றினால், சுழலும் பகுதிக்கு மின்சாரம் ஊட்டும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றன. உடலின் இருபக்கமும் உள்ள மூடிகளைத் திருகி எடுத்தால் பல இயந்திரங்களில் அவை எளிதில் வெளிவரும். ஒன்று மட்டும் குட்டையாகத் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பிரஷ் போட்டபின் சில நிமிடங்கள் சுமையின்றி மெதுவாக ஓடவிட்டால் அதன் முனை வட்டத்துக்கு ஏற்பத் தேய்ந்து அமர்ந்துகொள்ளும், பொறி பறப்பதும் அடங்கும். அடங்கவில்லையென்றாலோ, எரிந்த அரக்கின் வாடை வந்தாலோ, மோட்டாரின் கம்பிச்சுருளே போயிருக்கிறது. டிரில் இயந்திரத்தை மட்டும் வண்டியிலிருந்து கழற்றி மாற்றிக்கொள்ளலாம், தூண்களும் அடித்தட்டும் அப்படியே இருக்கட்டும். கழுத்து விட்டம் ஒத்திருக்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்கினால் போதும்.